ஆர்சி கார் பாடியில் மரரேகை: எந்தப் பாடிக்கு எந்த வழி?

ஆர்சி கார் பாடிக்கு, அதாவது ரிமோட்டில் ஓடும் மாதிரிக் காரின் மேல்கூட்டுக்கு, மரத்தின் தோற்றம் கொடுக்கலாம் என்று முடிவெடுத்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது வண்ணத்தை. எந்த பிரவுன், எந்த மஞ்சள், எந்தக் கம்பெனி என்று போகும் அந்தத் தேடல். நான் முதலில் பார்க்கச் சொல்வது பாடியைத்தான். விரலால் அழுத்தினால் வளைந்துகொடுத்து, கண்ணாடி போல் ஊடுருவித் தெரிந்தால் அது பாலிகார்பனேட், அதாவது நாம் பொதுவாக லெக்ஸான் என்று சொல்வது. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்து, தட்டினால் டொக்கென்று சத்தம் தந்தால் அது ஏபிஎஸ் அல்லது பாலிஸ்டைரீன். ஹார்ட் பாடி என்போமே, அது.

லெக்ஸானுக்கு உள்பக்கமாக வண்ணம் அடிக்கிறோம். பார்ப்பவர் கண்ணில் படுவது நாம் முதலில் பூசிய பூச்சு. ஹார்ட் பாடிக்கு வெளிப்பக்கம் அடிக்கிறோம், கண்ணில் படுவது கடைசிப் பூச்சு. ஒற்றை நிறம் அடிக்கும்வரை இந்த வித்தியாசம் பெரிதாக உறைக்காது. மரம் என்று வந்துவிட்டால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. மரத்தின் தோற்றம் மூன்று அடுக்கால் ஆனது: அடியில் மரத்தின் சொந்த நிறம், அதன்மேல் ரேகை, அதற்கும் மேல் வார்னிஷின் தேன்நிறம். ஹார்ட் பாடியில் இதே வரிசையில் போகலாம். லெக்ஸானில் வார்னிஷில் தொடங்கி, ரேகை போட்டு, மரத்தில் முடிக்க வேண்டும்.

என் முதல் லெக்ஸான் மரப் பாடியில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து, காய்ந்த வெளிர் பழுப்பின் மேல் மெல்லிய கோடுகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். உள்ளே பார்க்கப் பலகை போலவே இருந்தது. திருப்பிப் பார்த்தபோது வெளிப்பக்கம் வெறும் வெளிர் பழுப்பு. கோடுகள் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விட்டன. வரிசை தெரியும், ஆனால் கை பழக்கத்தில் போய்விட்டது. அதிலிருந்து ஒவ்வொரு லெக்ஸான் வேலைக்கும் அடுக்கு வரிசையை மாஸ்கிங் டேப்பில் எழுதி மேசையில் ஒட்டிவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறேன்.

எந்த மரம் வேண்டும்?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இன்னொரு கேள்விக்குப் பதில் வேண்டும். மரம் வைத்த வண்டிகள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல.

முதல் வகை, உண்மையான மரத்தால் கட்டிய ஸ்டேஷன் வாகன்கள். அமெரிக்காவில் 1930, 40-களில் வந்த இவற்றை வூடி என்பார்கள். ஃபோர்டு வண்டிகளில் சட்டம் மேப்பிள் அல்லது பர்ச் மரம், வெளிர் தேன் நிறம். நடுவில் உள்ள பலகை பெரும்பாலும் மஹோகனி, செம்பழுப்பு. இந்த வெளிர் சட்டமும் அடர் பலகையும் சேர்ந்த மாறுபாடுதான் வூடியின் முகம். இந்த மரங்களுக்குப் படகுக்குப் பூசுவது போன்ற பளபள வார்னிஷ் பூசுவார்கள். பெருமளவு உற்பத்தியான அமெரிக்க வண்டிகளில் மர உடலோடு கடைசியாக வந்தவை 1953-ஆம் ஆண்டின் ப்யூக் எஸ்டேட் வாகன்கள் என்பார்கள். பிரிட்டனில் மாரிஸ் மைனர் டிராவலர் 1953 முதல் 1971 வரை ஆஷ் மரச் சட்டத்தோடு வந்தது. அதில் சட்டம் மட்டுமே மரம். இடையில் உள்ள தகடுகளுக்கு வண்டியின் நிறம்.

இரண்டாவது வகை, மரம் போலத் தெரியும் படலம் ஒட்டிய வண்டிகள். ஃபோர்டு கன்ட்ரி ஸ்கொயர் 1952-இல் எஃகு உடலுக்கு மாறியது. பக்கவாட்டில் இருந்தது மரரேகை அச்சிட்ட படலம். அந்தப் பெயர் 1991 வரை ஓடியது. 1984 முதல் 1991 வரை வந்த ஜீப் கிராண்ட் வாகனீரின் பக்கவாட்டு மரமும் படலம்தான்.

மூன்றாவது, பழைய லாரி, பிக்கப் வண்டிகளின் பின்தொட்டியில் உள்ள பலகைகள். வெயிலிலும் மழையிலும் கிடந்து சாம்பல் பூத்த, பளபளப்பே இல்லாத மரம்.

இந்த மூன்றையும் ஒரே முறையால் செய்ய முயல்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. வார்னிஷ் போட்ட மஹோகனிக்குச் சரியாக வரும் வேலை, வெயிலில் காய்ந்த தொட்டிப் பலகைக்கு ஒருபோதும் வராது.

லெக்ஸானில் உள்ளிருந்து: கோடு இழுப்பதா, சீவி எடுப்பதா?

லெக்ஸானில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ரேகைகளை மெல்லிய பிரஷ்ஷாலோ பேனாவாலோ கோடு கோடாகச் சேர்ப்பது. மற்றது, அடர் நிறத்தை முழுப் பரப்பில் பூசி, ஈரமாக இருக்கும்போதே சீவி எடுத்து, எடுத்த இடத்தை வெளிர் நிறத்தால் நிரப்புவது. இரண்டையும் பல பாடிகளில் செய்து பார்த்திருக்கிறேன். என் வாக்கு இரண்டாவதுக்கு.

கோடு இழுக்கும் வழி எளிது போலத் தோன்றும். ஆனால் கை இழுக்கும் கோடு ஒரே தடிமனாக, ஒரே இடைவெளியில் போகும். மரம் அப்படி வளர்வதில்லை. ஒரு ரேகை தடித்து, மெலிந்து, அடுத்ததோடு சேர்ந்து, பிரிந்து போகும். 20 கோடு வரைந்ததும் கை தன்னையறியாமல் ஒரு தாளத்துக்கு வந்துவிடும், அப்புறம் பார்ப்பதற்குக் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போல ஆகிவிடும். மாரிஸ் மைனர் மாதிரி மெல்லிய சட்டம் மட்டும் வேண்டுமென்றால் இந்த வழி போதும். ஒரு சட்டத்துக்கு 3 கோடு, 4 கோடு. பெரிய பலகைக்கு வேண்டாம்.

சீவும் வழியில் பிரஷ்ஷின் முடிகளே ரேகையைத் தீர்மானிக்கின்றன. வீட்டுக் கதவுக்குப் பொய்மரம் தீட்டும் பழைய பெயின்டர்கள் சீப்பை இழுத்து ரேகை வரவழைப்பார்களே, அதே தத்துவம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

பாடியைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவிக் காயவைத்து, ஜன்னல்களையும் மரம் வராத இடங்களையும் உள்ளே டேப் ஒட்டி மறைத்து மாஸ்கிங் செய்கிறேன். வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்தைக் கடைசிவரை உரிப்பதில்லை. முதல் பூச்சு வார்னிஷ்: டாமியா கம்பெனியின் பிஎஸ்-43, ஊடுருவும் ஆரஞ்சு. தூரத்தில் பிடித்து, புகை போல ஒரே ஒரு மெல்லிய தூவல். கையில் தேன்நிறம் லேசாகத் தெரிந்தால் போதும், அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மஹோகனி வேண்டுமென்றால் அதன்மேல் பிஎஸ்-31 ஸ்மோக்கில் இன்னொரு தூவல்.

அது நன்றாகக் காய்ந்த பிறகு நீர் சார்ந்த ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் வண்ணம் தூவும் கருவி) வண்ணத்தில் அடர் பிரவுன். பாலிகார்பனேட்டுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். அதில் காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் சில துளி கலக்கிறேன், இல்லையென்றால் சீவுவதற்குள் இறுகிவிடும். ஒரு பலகை அளவுக்கு மட்டும் பூசுகிறேன், பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் பூசுவதில்லை. இப்போது பழைய தட்டைப் பிரஷ். முடிகளைக் கத்தரியால் ஒழுங்கில்லாமல் வெட்டி வைத்திருக்கிறேன். சில இடத்தில் கொத்தாக, சில இடத்தில் இரண்டே முடி. அதை உலர்ந்த நிலையில், அழுத்தாமல், பலகையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு தடம் விழும், அது வெளியே அப்படியே தெரியும். இழுத்த பிறகு பிரஷ்ஷைத் துணியில் துடைக்காமல் அடுத்த இழுப்புக்குப் போகக் கூடாது. இழுக்கும்போது மணிக்கட்டை மிக லேசாக, ஒரு மயிரிழை அளவு அசைத்தால் ரேகை நெளியும். அந்த நெளிவு வந்தவுடன் பிளாஸ்டிக் மறைந்து மரம் தெரிய ஆரம்பிக்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நொடிக்காகவே நான் இந்த வேலையைச் செய்கிறேன்.

இந்த வழியின் பெரிய பலம், தப்பைத் திருத்த முடிவது. ரேகை பிடிக்கவில்லையா, காய்வதற்குள் ஈரத்துணியால் முழுதும் துடைத்துவிட்டு மறுபடி பூசலாம். அடியில் காய்ந்து கிடக்கும் ஆரஞ்சு தண்ணீருக்கு அசையாது. கோடு இழுக்கும் வழியில் ஒரு கோடு தப்பினால் பக்கத்துக் கோட்டைத் தொடாமல் அதை எடுப்பது கடினம்.

மரக்கண் வேண்டுமென்றால் பல் குத்தும் குச்சியின் முனையால் ஈரப் பூச்சில் சிறு நீள்வட்டம் போட்டு, சுற்றியுள்ள ரேகைகளை அதை விலகிப் போகும்படி வளைத்துவிடலாம். கத்தி முனையைப் பயன்படுத்த வேண்டாம். உள்ளே விழும் கீறல் வெளியே தெரியும். அதோடு பாடி மடங்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

ரேகை காய்ந்ததும் அதன்மேல் வெளிர் பழுப்பு. ரேகை நீர் சார்ந்த வண்ணத்தில் இருப்பதால் இதையும் அதே குடும்பத்தில் வைத்துக்கொள்வது நல்லது. கரைப்பான் சார்ந்த ஸ்பிரேயைக் கனமாக அடித்தால் மெல்லிய ரேகை கலங்கிவிடலாம். பழுப்புக்குப் பின்னால் வெள்ளை, வெள்ளைக்குப் பின்னால் வெள்ளியோ கறுப்போ. வெள்ளை இல்லாமல் நேரே கறுப்பு அடித்தால் பழுப்பு அழுக்காகத் தெரியும். எல்லாம் முடிந்ததும் பாடியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்க்கவும். ஊசித் துளையாக வெளிச்சம் வரும் இடங்களில் இன்னொரு பூச்சு.

எண்ணெய் வண்ணத்தை லெக்ஸானில் பயன்படுத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். லெக்ஸான் ஒவ்வொரு மோதலிலும் மடங்கி நிமிரும். எண்ணெய் வண்ணத்துக்கு அந்த வழவழப்பில் பிடிமானம் கிடையாது, உரிந்துவிடும். காய நாளும் எடுக்கும். சில வகைத் தின்னர்கள், முக்கியமாக அசிட்டோன், டொலுயீன் கலந்தவை, பாலிகார்பனேட்டிலேயே விரிசல் விழ வைக்கும்.

ஹார்ட் பாடியில் எண்ணெய் வண்ணம்

லெக்ஸானில் வராத எண்ணெய் வண்ணம், ஹார்ட் பாடியில் ராஜா. இங்கே மடங்கும் பிரச்சினை இல்லை, அடுக்குகளும் இயல்பான வரிசையில் போகும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. டாமியாவில் பிஎஸ் வரிசை பாலிகார்பனேட்டுக்கு, டிஎஸ் வரிசை ஹார்ட் பிளாஸ்டிக்குக்கு. இரண்டும் ஒரே அலமாரியில் ஒரே அளவு டப்பாவில் நிற்கும். பிஎஸ்ஸை ஹார்ட் பாடியில் அடித்தால் பிளாஸ்டிக்கை அரிக்கும், டிஎஸ்ஸை லெக்ஸானில் அடித்தால் முதல் மோதலில் செதிலாக உதிரும். டப்பாவின் எழுத்தை இரண்டு முறை படியுங்கள்.

அடிப்பூச்சு டிஎஸ்-68, மரத் தளத்துக்கென்றே வந்த வெளிர் பழுப்பு. கொஞ்சம் மஞ்சள் வேண்டுமானால் டிஎஸ்-46 மணல் நிறம். இரண்டு நாள் காயவிடுகிறேன். அப்புறம் ஓவியர்கள் பயன்படுத்தும் ட்யூப் எண்ணெய் வண்ணத்தில் பர்ன்ட் அம்பர் கொஞ்சம், பர்ன்ட் சியன்னா கொஞ்சம். அதை முதலில் ஒரு துண்டு அட்டையின் மேல் பிதுக்கி ஒரு மணி நேரம் விட வேண்டும். அட்டை எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், வண்ணம் சீக்கிரம் காயும், பளபளப்பும் குறையும். பிறகு அங்கங்கே சிறு புள்ளிகளாக வைத்து, உலர்ந்த அகலப் பிரஷ்ஷால் ரேகையின் திசையில் இழுக்கிறேன்.

எண்ணெய் வண்ணத்தின் அருமை அதன் அவகாசத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம் கழித்தும் அது நம் பேச்சைக் கேட்கும். ஓர் ஓரத்தை அடர்த்தியாக்கலாம், நடுவை வெளிர விடலாம், வைரம் பாய்ந்த பகுதிக்கும் வெளிறுக்கும் உள்ள நிற வேறுபாட்டை ஒரே பலகைக்குள் கொண்டுவரலாம். சீவும் வழியில் ரேகைக்கு இரண்டே நிறம்தான்: இருக்கும் இடம், இல்லாத இடம். எண்ணெயில் நடுவில் எத்தனையோ சாயல் கிடைக்கும். மரத்தைக் கூர்ந்து பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு சட்டென்று தெரியும்.

விலை நேரம்தான். ஒரு வாரமாவது காயவிட்ட பிறகே டாமியா எக்ஸ்-26 ஊடுருவும் ஆரஞ்சை நீர்க்கக் கரைத்து ஏர்பிரஷ்ஷில் தூவுகிறேன். வெறும் பழுப்பாகக் கிடந்த பரப்பு அந்தத் தூவலில் வார்னிஷ் போட்ட மரமாகச் சிவந்து வரும். கடைசியாகப் பளபளப்புக்கு டிஎஸ்-13, மிக மெல்லிய பல பூச்சுகளாக. முதல் பூச்சையே கனமாக அடித்தால் அதன் கரைப்பான் கீழே உள்ள எல்லாவற்றையும் கலக்கிவிடும்.

வெயிலில் காய்ந்த தொட்டிப் பலகைக்கும் ஹார்ட் பிளாஸ்டிக்கே சரி. காரணம் நிறம் மட்டும் இல்லை, பரப்பு. மெல்லிய பற்கள் உள்ள ரம்பத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் படுக்கவைத்து நீளவாக்கில் இழுத்தால் உண்மையான பள்ளங்கள் விழும். அதில் வெளிர் சாம்பல் அடித்து, நீர்க்கக் கரைத்த அடர் பிரவுனைப் பள்ளங்களில் ஓடவிட்டு, மேடுகளில் உலர்ந்த பிரஷ்ஷால் வெளிர் நிறத்தைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் தொட்டுப் பார்த்தாலும் மரம்தான். மேலே டிஎஸ்-80 மேட், அதாவது பளபளப்பில்லாத பூச்சு. லெக்ஸானின் வெளிப்பக்கம் எப்போதும் கண்ணாடிப் பளபளப்பு. பிஎஸ்-55 என்ற மேட் பூச்சை வெளியே அடிக்கலாம்தான், ஆனால் அது முதல் உரசலிலேயே தேயும்.

ஸ்டிக்கரும் டெக்காலும்

மர ஸ்டிக்கரை ஒட்டுவது ஏமாற்று வேலை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அசல் கன்ட்ரி ஸ்கொயரிலும் கிராண்ட் வாகனீரிலும் இருந்ததே படலம்தான். அந்த வண்டிகளுக்கு அச்சிட்ட படலம் ஒட்டுவதுதான் உண்மைக்கு நெருக்கம். அசலின் ரேகை ஒரே சீராக, கொஞ்சம் தட்டையாக இருக்கும். எண்ணெய் வண்ணத்தில் உயிரோட்டமாகத் தீட்டிய கிராண்ட் வாகனீர் அழகாக இருக்கலாம், ஆனால் அது கிராண்ட் வாகனீர் இல்லை.

கவனிக்க வேண்டியது ரேகையின் அளவு. அலமாரிக்கு ஒட்டும் மரத்தாள் முழு அளவு மரத்துக்காக அச்சிட்டது. அதை 1/10, அதாவது அசலில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள வண்டியில் ஒட்டினால் ரேகைகள் அசலில் கை அகலத்துக்கு வரும்; கதவு முழுவதும் ஒரே ஒரு மரக்கண். அளவைக் குறைத்து நீங்களே அச்சிட வேண்டும். இங்க்ஜெட்டில் அச்சிடும் நீர் டெக்கால் (தண்ணீரில் நனைத்து நழுவவிட்டு ஒட்டும் படம்) என்றால், தண்ணீரில் போடுவதற்கு முன் தெளிவான பூச்சால் மூடாவிட்டால் மை கரைந்துவிடும். வீட்டுப் பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது என்பதால் தெளிவான டெக்கால் தாளுக்கு அடியில் வெளிர் பழுப்பு அடித்திருக்க வேண்டும். ஒரே படத்தைப் பல தடவை அடுக்கி அச்சிட்டால் அதே மரக்கண் முன்கதவிலும் பின்கதவிலும் வந்து நிற்கும். பார்ப்பவர் வேறெதையும் கவனிக்காவிட்டாலும் அதைக் கவனித்துவிடுவார்.

லெக்ஸானில் ஸ்டிக்கர் வெளிப்பக்கம்தான் ஒட்டும். ஓடும் வண்டியில் அது கீறிக்கொண்டே இருக்கும், விளிம்புகள் தூக்கும். விளிம்பை வளைவின் மேல் முடிக்காமல் கதவின் கோட்டுக்குள்ளோ சட்டத்தின் அடியிலோ முடித்தால் ஆயுள் கூடும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கி அழுத்துவதும் உதவும். இரட்டை வளைவு உள்ள பின்மூலையில் எந்தப் படலமும் சுருக்கமில்லாமல் படியாது, அங்கே பிரஷ்தான்.

உண்மையான மரம்

0.5 முதல் 0.6 மில்லிமீட்டர் வெனீர், அதாவது மெல்லியதாகச் சீவிய மரத் தகட்டை ஹார்ட் பாடியில் ஒட்டலாம். பிக்கப்பின் தொட்டித் தரைக்கு இதைவிட நல்ல வழி இல்லை: தட்டையான இடம், பலகை பலகையாக வெட்டி அடுக்கினால் போதும். பக்கவாட்டுக்கு வேண்டாம் என்பேன். எடை மேலே ஏறும். பாறையிலும் சரிவிலும் மெதுவாக ஏறும் கிராலர் வண்டிக்கு மேலே ஏறும் எடை உடனே தெரியும், கவிழும். தண்ணீர் பட்டால் வெனீர் உப்பும். உடனடிப் பசை வழிந்தால் மரத்தில் கறையாகி, அதன்மேல் சாயம் ஏறாது. அதோடு, உண்மையான மரத்தின் ரேகை 1/10 அளவுக்குச் சுருங்குவதில்லை. மரம்தான், ஆனால் பார்க்க மரம் போல இல்லாமல் போகும் விந்தை இங்கே நடக்கும். நெருக்கமான ரேகை உள்ள மரமாகத் தேட வேண்டும்.

எந்த வழியானாலும்: அளவும் திசையும்

இந்த இரண்டும் சரியாக இருந்தால் சுமாரான வண்ண வேலையும் மரமாகத் தெரியும். தப்பினால் அருமையான வண்ண வேலையும் தோற்கும்.

அளவு. மரத்தில் இரண்டு வளையங்களுக்கு இடையே 2 முதல் 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1/10-இல் அது 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர். ஒரு மயிர்க் கோடு. அசலில் 60 மில்லிமீட்டர் அகலமான கதவுச் சட்டம் நம் பாடியில் 6 மில்லிமீட்டர். மேப்பிள் மரத்தில் ரேகை இயல்பாகவே மங்கல், நாலடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாது. ஆகவே 6 மில்லிமீட்டர் சட்டத்தில் லேசான நாலைந்து கோடு போதும், அவையும் அடிநிறத்தைவிட ஒரு சாயல் அடர்த்தி. மஹோகனிப் பலகைக்கு நிறத்தால்தான் அடையாளம், ரேகையால் இல்லை. வேலை முடிந்த பாடியைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பாருங்கள். ரேகை முதலில் தெரிந்தால் அதிகம். மரம் முதலில் தெரிந்து, கிட்டே கொண்டுவந்தபின் ரேகை தெரிந்தால் சரி.

திசை. சட்டத்தின் ஒவ்வொரு துண்டிலும் ரேகை அந்தத் துண்டின் நீளவாக்கில் ஓடும். நிற்கும் துண்டில் மேலிருந்து கீழ், படுத்த துண்டில் முன்னிருந்து பின். எந்தத் தச்சரும் குறுக்கு ரேகையில் சட்டம் அறுக்க மாட்டார், முறிந்துவிடும். கதவு மூலையில் இரண்டு துண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு மெல்லிய இணைப்புக் கோடு, அதன் ஒரு பக்கம் நின்ற ரேகை, மறுபக்கம் படுத்த ரேகை. அந்த ஒரு மூலையைச் சரியாகச் செய்தால் வண்டி முழுவதுமே சேர்த்துக் கட்டியது போலத் தெரியும். இதற்காக நிற்கும் துண்டுகளை எல்லாம் ஒரு நாள், படுத்த துண்டுகளை எல்லாம் மறுநாள் என்று மாஸ்கிங் செய்து வேலை பார்க்கிறேன். டாமியா மாஸ்கிங் டேப் 6 மில்லிமீட்டர் அகலத்தில் கிடைக்கிறது. 1/10 சட்டத்துக்கு வெட்டாமலே பொருந்துவது பெரிய உதவி.

சரி, எதை எடுப்பது?

வண்டி வேகமாக ஓடும், மோதும், உருளும் என்றால் லெக்ஸான், உள்ளிருந்து சீவும் வழி. வண்ணம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும்; வெளியே எத்தனை கீறல் விழுந்தாலும் ரேகைக்கு ஒன்றும் ஆகாது. வார்னிஷ் பளபளப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. அதனால்தான் பளபள வூடிக்கு லெக்ஸானை நான் தயங்காமல் சொல்கிறேன். நைட்ரோ எஞ்சின் வண்டி என்றால் கடைசியாக உள்ளே எரிபொருள் தாங்கும் பூச்சு ஒன்று கட்டாயம். எரிபொருளில் உள்ள மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் பாதுகாப்பில்லாத வண்ணத்தை உள்ளிருந்தே கரைக்கும்.

மெதுவாக ஏறும் கிராலர் என்றால் பலர் ஹார்ட் பாடிதான் வைக்கிறார்கள். 313 அல்லது 324 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம்) உள்ள சேஸிஸ்களுக்கு நிறைய ஹார்ட் பாடிகள் கிடைக்கின்றன. அங்கே எண்ணெய் வண்ணம். பாறையில் உரசி வண்ணம் போனால் அந்த இடத்தை மட்டும் மறுபடி தீட்டிக்கொள்ளலாம். எண்ணெய் வண்ணத்தில் பழசும் புதுசும் ஒட்டியது தெரியாமல் கலக்க முடியும். அலமாரியில் வைக்கும் வண்டிக்கும் இதுதான் என் முதல் தேர்வு.

அசலில் படலம் இருந்த வண்டி என்றால் படலம். தொட்டித் தரைக்கு வெனீர்.

முதல்முறை செய்கிறவருக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்வேன். ஏர்பிரஷ் இல்லை, ரிடார்டர் இல்லை என்றால் லெக்ஸானில் மாரிஸ் மைனர் மாதிரி சட்டம் மட்டும் உள்ள வண்டியை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் கோடு இழுத்துத் தொடங்கலாம். பெரிய பலகை இல்லாததால் கையின் தாளம் காட்டிக்கொடுக்காது. சீவும் வழிக்குப் போகும்போது பாடியில் தொடங்க வேண்டாம். பாடியிலிருந்து வெட்டி எடுக்கும் ஓரத் துண்டுகள் இருக்கிறதே, சக்கர வளைவிலும் அடிவிளிம்பிலும் வெட்டிப் போடும் லெக்ஸான், அவற்றை எறியாதீர்கள். அதே பிளாஸ்டிக், அதே தடிமன், அதே வளைவு. என்னிடம் ஒரு டப்பா நிறைய இருக்கிறது. ஒவ்வொன்றின் உள்பக்கமும் அடுக்கு வரிசையையும் எத்தனை தூவல் என்பதையும் எழுதிவைத்திருக்கிறேன். புதிய பாடி கைக்கு வந்தால் முதலில் அந்த டப்பாவைத்தான் திறக்கிறேன். துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, இதுதான் அந்த வண்டியின் மஹோகனி என்று ஒன்று கையில் நின்றுவிடும்போது வேலை தொடங்கும்.